ஒரே மாடலில் மூன்று மட்டைகள்

ஜூலை 11, வெள்ளி

பேட்மிண்டன் மட்டைகள் வந்துவிட்டன. ஒரே மாடல், ஒரே கருநீலம், மூன்று. எனக்கு ஒன்று, கோமுவுக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. ஆட்டத்தின் நடுவில் யாருடைய ஸ்ட்ரிங் அறுந்தாலும் மூன்றாவதை எடுத்துக்கொண்டு, மட்டை மாறிய உணர்வே இல்லாமல் தொடர வேண்டும். நாங்கள் ஜோடியாக ஆட ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் ஒழுங்கு. கிளப்பில் வேறு எவருக்கும் இது கிடையாது. ரத்தினபாயும் அவள் கூட்டாளியும் ஆளுக்கொரு கம்பெனி மட்டையோடு வருவதைப் பார்த்தால், கல்யாண வீட்டில் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் மாதிரி இருக்கும்.

அடையாளத்துக்கு மட்டையின் கழுத்தில் நூல் கட்டினேன். எனக்குச் சிவப்பு, கோமுவுக்கு நீலம், பொதுவுக்கு வெள்ளை. கான்வென்டில் நான் சிவப்பு ஹவுஸ், அவள் நீலம்.

நவம்பரில் மதுரையில் மாநில மூத்தோர் போட்டி. எழுபது வயதுப் பிரிவில் நாங்கள் நுழைவது இந்த ஆண்டுதான். அறுபத்தைந்து வயதுப் பிரிவில் கோவை ஜோடியிடம் இறுதியாட்டத்தில் தோற்றோம். அவர்களும் இந்த ஆண்டு மேலே வருகிறார்கள். அதற்காகத்தான் புது மட்டைகள்.

இன்று கோமுவின் ஸ்மாஷ் ஒன்றுகூட வலையைத் தாண்டவில்லை.

“ஏளா ப்ளோரா, இது என்னளா இப்படிக் கனக்கு? உலக்கைய வாங்கிட்டு வந்துட்டியா?” என்றாள்.

கையில் வாங்கி வீசிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கோமு காரணமில்லாமல் குறை சொல்கிறவள் அல்ல.

ஜூலை 12, சனி

காலைத் திருப்பலி முடிந்து வந்ததும் மூன்றையும் எடை போட்டேன். கிறிஸ்துமஸ் கேக்குக்காக வாங்கிய எலெக்ட்ரானிக் தராசு. ஒரு கிராம்கூட ஏமாற்றாது.

சிவப்பு 88 கிராம். நீலம் 92. வெள்ளை 90.

ஒரே மாடலில் நான்கு கிராம் வித்தியாசம்! அதோடு நிறுத்தவில்லை. எடை மட்டும் பார்ப்பவர்களுக்கு மட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் கணவர் லியோவின் இரும்பு ஸ்கேலை இரண்டு அகராதிகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்தி, அதன் விளிம்பின் மேல் ஒவ்வொரு மட்டையையும் கிடத்தி, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பார்த்தேன். அடிமுனையிலிருந்து என்னுடையது 29.2 சென்டிமீட்டரில் நின்றது. கோமுவுடையது 29.9. அதாவது அவளுடைய மட்டை கனமும் கூட. அந்தக் கனமும் தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. வீசும்போது நான்கு கிராம் நாற்பதாகத் தெரியும். மணிக்கட்டு பாவம் என்ன செய்யும்?

எல்லாம் விளங்கிவிட்டது. கோமுவின் கையில் ஒன்றுமில்லை.

மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். சில வாரங்களாக அது வாய்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

நூல்களை மாற்றிக் கட்டினேன். இலேசானதற்கு நீலம், கனமானதற்குச் சிவப்பு. என் மணிக்கட்டுக்கு நான்கு கிராம் ஒரு பொருட்டல்ல.

கோமுவிடம் சொன்னபோது, “உனக்கு எதுக்குளா அந்த உலக்கை? நானே வச்சிக்கிடுதேன்” என்று வாதாடினாள். நான் விடவில்லை. ஷட்டில் டப்பா வாங்க அலுவலக அறைக்குப் போய்த் திரும்பியபோது, அவளுடைய தம்பி மகள் வடிவு பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் மட்டைப் பையை நோண்டிக்கொண்டிருந்தாள். கோமு அவளோடுதான் இருக்கிறாள். துறைமுகத்தில் ஏதோ ஏஜென்சியில் நல்ல வேலை. ஆனாலும் பிறர் பையைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆட்டம்! ரத்தினபாய் ஜோடியை இரண்டு கேமிலும் நொறுக்கினோம். கோமு பின்கோட்டிலிருந்து அடித்த ஒரு ஸ்மாஷ் ரத்தினபாயின் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து பார்த்து, “தாயே, காலு இருக்கா?” என்றாள். எல்லாரும் சிரித்தோம். நான்கு கிராம்!

எனக்கும் கனமான மட்டை இடைஞ்சலாக இல்லை. முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் தெரிந்தது. பிறகு பழகிவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

கடைக்குப் போனேன். தராசையும் மூன்று மட்டைகளையும் எடுத்துக்கொண்டுதான். செல்வின் கல்லாவில் இருந்தான்.

“மேடம், ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அச்சுல வார்த்தது” என்றான்.

“ஒரே அச்சில் வார்த்திருந்தால் ஒரே எடை இருக்க வேண்டும். போட்டுப் பார்.”

பார்க்க மாட்டேன் என்று மேலே ஃபேனைப் பார்த்தான். “யம்மா, நீங்க பேட்டு வாங்க வந்தீயளா, நகை நட்டு வாங்க வந்தீயளா? இதுல அஞ்சு கிராம் முன்னப்பின்ன இருக்கும்னு கம்பெனிக்காரனே அச்சடிச்சிருக்கான். அதுக்கு மேல கிரிப் சுத்துதவன் ஒரு நாளு ஒரு சுத்து கூடச் சுத்துவான். பெயிண்டு ஒரு கோட்டு கூட விழும். இதையெல்லாம் யாரு பாக்கா?”

“நான் பார்க்கிறேன்.”

எங்கள் மூன்றையும் பையிலேயே விட்டுவிட்டு, அவனிடமிருந்த அதே மாடல் எல்லாவற்றையும் கவுன்டரில் அடுக்கி நானே எடை போட்டேன். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டு மட்டைகள் ஒரே எடை காட்டியபோது அவற்றின் சமநிலை வேறாக இருந்தது. பின்னால் நின்ற ஒருவர் டென்னிஸ் பந்து கேட்டுப் பொறுமையிழந்து போய்விட்டார். செல்வின் எனக்கு ஒரு சோடா வரவழைத்தான், நான் கிளம்புவதற்காக.

எது எப்படியோ, உலகத்தில் ஒன்றுபோல் ஒன்றைச் செய்ய இவர்களுக்குத் தெரியவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

மாதா திருவிழா நேற்றோடு முடிந்தது. கூட்டம், தூசி, ஒலிபெருக்கி. கோமுவுக்கு மக்ரூன் பெட்டி கொண்டுபோனேன். அவள் இந்துவானாலும், கோயில் திருவிழாவுக்கு மக்ரூன் வராவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

பெட்டியின் ரிப்பனை அவள் அவிழ்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். வடிவு வந்து, கேட்காமலே அவிழ்த்தாள். மத்தியானம் சாப்பிடும்போது கோமு கரண்டி பிடித்திருந்தாள். மீன்குழம்பைக் கரண்டியால் சாப்பிடுகிறவர்களைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு காலத்தில் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

அவளுடைய வலது கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிப் பள்ளமாக இருந்தது. வயது. எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று மேஜைக்கு அடியில் என் கையைத் திருப்பிப் பார்த்தேன்.

எனக்கு அப்படி இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

கோமு மறுபடி மதுரைக்குப் போயிருக்கிறாள். கண் டாக்டராம். தூத்துக்குடியில் கண் டாக்டருக்கா பஞ்சம்?

ஆகஸ்ட் 30, சனி

மோசமான ஆட்டம். கோமு மூன்று முறை மட்டையைக் கீழே போட்டாள். ரத்தினபாய் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தாள். நாற்பது வருடமாக எனக்கு அவளைத் தெரியும். தன்னுடைய கைக்குட்டை விழுந்தால்கூடக் குனியாதவள்.

நான் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நிற்கிறது. இது சில நாட்களாக நடக்கிறது. என்னைப் பற்றி என்ன பேசுகிறார்களோ. பேசட்டும்.

வாசலில் வடிவு ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். “ஆன்ட்டி, உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும். அத்தைக்கு…” என்று ஆரம்பித்தாள்.

“அத்தைக்கு மட்டை இன்னும் சரியாகவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன்.

“பேட்டு இல்ல ஆன்ட்டி.”

“நேரமாகிறது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டு.”

தெருவில் நின்று குடும்ப விஷயம் பேசுவது எனக்குப் பிடிக்காது.

செப்டம்பர் 8, திங்கள்

நீல நூல் மட்டையை இன்னும் இலேசாக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துவந்தேன். கிரிப்பை உரிப்பதற்கு முன் எடை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளத் தராசில் வைத்தேன்.

92.

தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அரைக் கிலோ சீனிப் பொட்டலத்தை வைத்தேன். சரியாகக் காட்டியது. என் பையிலிருந்து சிவப்பு நூல் மட்டையை எடுத்து வைத்தேன்.

88.

பிறகுதான் முடிச்சுகளைப் பார்த்தேன். நான் கட்டுவது தட்டையான முடிச்சு, தையல் வகுப்பில் சிஸ்டர் கற்றுக்கொடுத்தது. இவை இரண்டும் கோணலாக உருண்டு நின்றன. யாரோ நூல்களை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். வடிவு. அன்றைக்குப் பெஞ்சில்.

ஆக, இத்தனை வாரமும் கோமு கனமான மட்டையைத்தான் பிடித்திருக்கிறாள். எனக்கு விட்டுக்கொடுப்பதாக நினைத்துத் தன் கையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள்! பைத்தியக்காரி. சின்ன வயதிலிருந்தே இவளுக்கு இந்தத் தியாகப் புத்தி உண்டு. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சமையலறையில் நின்று சத்தமாகச் சிரித்தேன். இலேசான மட்டையை அவள் இன்னும் தொடவே இல்லை. தொட்டால் எல்லாம் சரியாகிவிடும். நவம்பருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இன்று மாதா பிறந்த நாள். சாயங்காலம் மாதா சிலை இருக்கும் கெபியில் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலேயே கோமு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். மட்டைகள் இரண்டையும் அவள் முன்னால் வைத்து, “திருடி” என்றேன்.

சிரித்தாள். “கண்டுபிடிச்சிட்டியா? தராசுல வைக்காம உனக்குத் தூக்கம் வராதுன்னு தெரியும்.”

“இந்த எண்பத்தெட்டைப் பிடி. இன்று இதில் ஆடு. பிறகு பார்.”

அவள் பிடிக்கவில்லை. “ப்ளோரா, உக்காருளா.”

“நிற்கிறேன்.”

“ரத்தினபாய் காலடியில ஒண்ணு போட்டேன்லா, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு வீட்டுக்குப் போற வரைக்கும் கொண்டாடுன. அப்ப என் கையில இருந்தது எது?”

நீல நூலின் கோணல் முடிச்சைப் பார்த்தேன்.

“உலக்கைதான். நீ ஷட்டில் வாங்கப் போகையில வடிவ மாத்திக் கட்டச் சொன்னேன். எனக்குக் கட்ட வரல்ல பாத்துக்க. நூலப் பிடிக்க முடியல. உலக்கையில நல்லா அடிச்ச அன்னைக்கும் இதே கைதான். சில நாளு கேக்கும், சில நாளு கேக்காது. இப்ப கேக்கவே மாட்டேங்கு. பேட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“எல்லா மட்டையும் ஒன்றல்ல. கடையில் எடை போட்டுப் பார்த்தேன்.”

“நீ சொல்லுதது சரிதான். எல்லாம் வேற வேறதான். யாரு இல்லன்னா?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “மதுரையில பாத்தது கண் டாக்டர் இல்ல.”

டாக்டர் சொன்ன பெயரை அவள் சொன்னாள். இங்கே எழுத மாட்டேன். கை முதலில், பிறகு கால், பிறகு பேச்சு, பிறகு விழுங்குவது, பிறகு மூச்சு. சிலருக்கு வரிசை மாறுமாம். மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். தள்ளிப்போட ஒன்று இருக்கிறதாம், கொஞ்சம்.

“எப்போது தெரியும்?”

“ஜூன்ல.”

“கிளப்பில் யாருக்கெல்லாம் தெரியும்?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லோருக்கும்.

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொல்ல வந்தேன்லா. கனக்குன்னு சொன்னேன். நீ தராசைத் தூக்கிட்டு வந்துட்ட.”

வடிவு காபி கொண்டுவந்தாள். கோமுவின் டம்ளரை அவள்தான் வாயருகே பிடித்தாள். நான் என் காபியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு, இரண்டு மட்டைகளையும் உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முறைப்படி எல்லாம் செய்தேன்.

செப்டம்பர் 10, புதன்

வெண்டைக்காய் வாங்கினேன். எல்லாம் முற்றல்.

செப்டம்பர் 11, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் துன்பத்தின் பயன் பற்றி. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாழ்நாளில் முதல் முறை. மணிமாடத்தின் நிழலில் நின்றிருந்தபோது ரத்தினபாய் தேடிக்கொண்டு வந்தாள். அவள் கோயிலுக்கு வருகிறவள் அல்ல. என்னைப் பார்க்க வெயிலில் நடந்து வந்திருக்கிறாள்.

“ப்ளோராக்கா, மதுரைக்கு நான் வேணும்னா உங்க கூட ஆடுதேன். கோமு அக்காதான் சொல்லச் சொன்னாவ.”

“உன் கூட்டாளி?”

“அவளுக்கு அறுபத்தாறுதான ஆவுது. அவ வேற பிரிவு.”

“எனக்குக் கூட்டாளி இருக்கிறாள்” என்றேன்.

ரத்தினபாயின் கண் கலங்கியது. இத்தனை வருடம் அவளுடைய ஆட்டத்தைக் கேலி செய்திருக்கிறேன். அவள் கண்ணீர் எனக்கு எதற்கு?

அக்டோபர் 9, வியாழன்

முட்டாள்தனம் என்று தெரிந்தே செய்தேன். இலேசான மட்டையின் தடித்த கிரிப்பை உரித்து, மரப்பிடியின் மேல் மெல்லிய பட்டையை ஒரே சுற்றாகச் சுற்றினேன். 83 கிராம். இவ்வளவு இலேசான மட்டையை நான் தொட்டதில்லை.

ஸ்கேலின் மேல் கிடத்தினேன். சமநிலை தலைப்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. பிடியில் கனத்தைக் குறைத்தால் தலை கனக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கெடுகிறது. தலையில் குறைக்கலாம் என்றால் அங்கே குறைக்க ஒன்றுமில்லை, சட்டமும் ஸ்ட்ரிங்கும்தான்.

மத்தியானம் முழுக்க அதை விளிம்பின் மேல் வைத்துக்கொண்டும் எடுத்துக்கொண்டும் இருந்தேன். சோறு வடிக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கோமு இன்னும் வாரத்தில் இரண்டு நாள் கிளப்புக்கு வருகிறாள். ஆட அல்ல, நின்று நாலு அடி அடித்துப் பார்க்க. மெல்லிய பிடியை அவள் கையில் கொடுத்தேன். முதல் வீச்சிலேயே மட்டை கையிலிருந்து நழுவிப் பறந்து வலைக் கம்பத்தில் மோதியது. விரல்கள் மூடவில்லை. மெல்லிய பிடியை இறுகப் பற்ற அதிக பலம் வேண்டும். குறைவல்ல, அதிகம். இதையும் நான் யோசிக்கவில்லை.

மட்டையின் தலையில் விரிசல். கோமு, “எண்பத்தெட்டு செத்துப்போச்சு. நல்லடக்கம் என்னைக்கு?” என்றாள். இப்போது ‘ட’வும் ‘ல’வும் அவளுக்குக் கொஞ்சம் குழைகின்றன. யாரும் சிரிக்கவில்லை என்று அவளே சிரித்தாள்.

வடிவு கனமான மட்டையின் பிடியில் பழைய துண்டைக் கிழித்து, கனமாக, அசிங்கமாக, பனங்கிழங்குக் கட்டு மாதிரி சுற்றினாள். கோமுவால் அதைப் பிடிக்க முடிந்தது.

நான் அதை எடை போடவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். லியோவின் கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் போட்டி அட்டவணையைச் சொன்னேன். எழுபது வயதுப் பிரிவில் மூன்றே ஜோடிகள். கோவை ஜோடியுடன்தான் எங்களுக்கு முதல் ஆட்டம்.

பக்கத்துக் கல்லறையில் ஒரு குடும்பம் முறுக்கு தின்றுகொண்டிருந்தது. கடித்தால் நொறுங்கும் சத்தம் இவ்வளவு பெரிதா?

நவம்பர் 15, சனி

பெயரை வாபஸ் வாங்கப்போவதாகச் சொல்ல கோமு வீட்டுக்குப் போனேன்.

“வேண்டாம்” என்றாள். பேச்சு மெதுவாகிவிட்டது. அவள் ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். “பேரு குடுத்தாச்சுல்லா. வாரேன்.”

“நீ என்ன செய்வாய் அங்கே?”

“நிப்பேன். நிக்க இன்னும் முடியும். நீ ஓடு.”

“தோற்போம்.”

“ஆமா. போகாம தோக்கதுக்கு இது மேல்.”

வடிவு அடுக்களைக் கதவருகே நின்று எனக்கு மட்டும் தெரியும்படி தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. கோமு திரும்பிப் பார்க்காமலே, “ஏட்டி, கார் சாவிய எங்கயும் ஒளிச்சு வச்சிராத” என்றாள்.

நவம்பர் 22, சனி. மதுரை

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுத வேண்டும். பிறகு யாராவது இதை அழகாக்கிச் சொல்வார்கள். அழகாக ஒன்றும் இல்லை.

வடிவு கார் ஓட்டினாள். கோமு முன் இருக்கையில். பாதி வழி தாண்டியது. பிறகு, “பிரேமகுமாரி இன்னும் பவுடர் அப்பிக்கிட்டுத்தான் ஆடுவாளா?” என்றாள். கோவை ஜோடியில் உயரமானவள்.

அப்பியிருந்தாள். கோமுவைப் பார்த்ததும் அந்தப் பவுடர் முகத்தில் ஏதோ ஆயிற்று. அம்பயரும் பார்த்தார். அவர் என்னிடம் வந்து, “மேடம், நீங்க விரும்பினா…” என்றார். “நாங்கள் தயார்” என்றேன்.

கோமுவை அவளுடைய கட்டத்தில் நிறுத்தி, பருத்த பிடியை அவள் விரல்களுக்குள் வைத்து மூடிவிட்டு, என் கட்டத்துக்கு வந்தேன்.

ஓடி எடுக்கும் பந்துகளை நான் பார்த்துக்கொள்ளலாம். சர்வீஸை முடியாது. எதிரி சர்வீஸ் போடும்போது குறுக்கே இருக்கும் கட்டத்தில் நிற்பவள் மட்டுமே எடுக்கலாம். பக்கத்தில் நிற்பவள் தொட்டால் தப்பு. கோமுவின் கட்டத்துக்கு வந்த முதல் சர்வீஸ் அவள் மட்டை உயர்வதற்குள் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவதும். கை மார்பளவுக்கு மேல் வரவில்லை. எனக்கு வந்தவற்றை எடுத்தேன். அவர்கள் திருப்பி அடித்ததெல்லாம் என் பக்கமே வந்தன. கோமு பக்கம் ஒன்றுகூட இல்லை. இரண்டு பேருக்கு எதிராக நான் ஒருத்தி ஓடினேன். இதயம் காதுக்குள் அடித்தது.

அப்புறம் பிரேமகுமாரி கோமுவுக்குப் போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. எங்களுக்கு ஒரு புள்ளி. அடுத்த முறை கோமுவுக்கு வந்ததும் வலையில். பிறகு அவள் கூட்டாளி போட்டாள், அதுவும் வலையில். ஐம்பது வருடமாகச் சர்வீஸ் போடும் கைகள் அப்படித் தவறுவதில்லை.

புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வலைக்குப் போனேன்.

“ஒழுங்காகப் போடுங்கள்” என்றேன்.

“அக்கா, அவங்களால முடியலீங்களே. எனக்கு மனசு வரலீங்க” என்றாள் பிரேமகுமாரி. மூக்கு சிவந்திருந்தது.

“அவள் ஆட வந்திருக்கிறாள். உங்களிடம் பிச்சை வாங்க வரவில்லை.”

“மேடம், ப்ளே” என்றார் அம்பயர்.

“முதலில் அந்த மூன்று புள்ளிகளை எடுத்துவிடுங்கள்.”

“அப்படி எடுக்க முடியாது மேடம்.”

“எடுங்கள்!” அரங்கம் முழுக்கக் கேட்டது. எழுபது வயதில் ஒரு பொது இடத்தில் கத்தினேன்.

கோமு பின்னாலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, “ஏளா… சண்ட போடாத” என்றாள். பிறகு பிரேமகுமாரியிடம்: “நீங்க நல்லா போடுங்க. எடுக்க முடியாட்டாலும்… வாரதையாவது பாக்கேன்.”

அதன் பிறகு ஒழுங்காகப் போட்டார்கள். கோமு ஒவ்வொன்றும் வருவதைப் பார்த்தாள். முழங்காலைச் சற்று மடக்கி, கண்ணை ஷட்டிலிலிருந்து எடுக்காமல், பள்ளியில் எப்படி நின்றாளோ அப்படியே நின்று பார்த்தாள். ஒன்று மட்டையின் விளிம்பில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது. கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டலை நான் மன்னிக்க மாட்டேன்.

அவள் சர்வீஸ் முறை வந்தபோது இடது கையால் ஷட்டிலைப் பிடித்தாள். முதலாவது வலையில். அடுத்த முறையும் வலையில். இரண்டாவது கேமில் ஒரே ஒரு முறை தாண்டிப் போனது, தாழ்வாக, வலையின் நாடாவை உரசிக்கொண்டு, எவராலும் சரியாக எடுக்க முடியாத சர்வீஸ். பிரேமகுமாரியின் கூட்டாளி தூக்கிக் கொடுத்தாள். நான் குதித்து அடித்தேன். நடுவில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கோமு நாக்கை வெளியே நீட்டி எனக்கு அழகு காட்டினாள். அந்த ஒரு புள்ளி யாரும் கொடுத்ததல்ல.

இரண்டு கேமும் தோற்றோம்.

முடிந்ததும் வலைக்கு மேலே கை கொடுப்பது முறை. நான் கொடுத்தேன். கோமுவின் கை பாதி எழுந்து நின்றுவிட்டது. நான் அவள் முழங்கையைப் பிடித்து, வலையின் உயரத்துக்குத் தூக்கினேன். பிரேமகுமாரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கோமு அவளிடம் ஏதோ சொன்னாள். பிரேமகுமாரிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அடுத்த வருஷமும் இவளோடு ஆடுங்கள், நன்றாக ஓடுகிறாள் அல்லவா என்று கேட்கிறாள்.”

திரும்பும் வழியில் கோமு தூங்கினாள். தலை சாய்ந்து சாய்ந்து விழுந்தது. வடிவு வண்டியை நிறுத்தி, தன் துப்பட்டாவை மடித்து அவள் கழுத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, மெல்ல, “ஆன்ட்டி, இனிமே அத்தையக் கூப்பிடாதீங்க” என்றாள்.

“கூப்பிட மாட்டேன்” என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் போன். வடிவு. பின்னால் கோமுவின் குரல் கேட்டது, சொற்கள் பிரியாமல்.

“ஆன்ட்டி, அத்தை ஒண்ணு கேக்காவ. நீங்க பதில் சொன்னாத்தான் இட்லி சாப்பிடுவாங்களாம். அடுத்த வருசத்துக்கு யாரச் சேத்துக்கிடப் போறீங்க?”

நான் ரிசீவரை வைத்துவிட்டேன். இது அநாகரிகம். இப்படி நான் யாரிடமும் நடந்துகொண்டதில்லை.

ஒரு பெயரைச் சொன்னால் போதும். ரத்தினபாய் என்று சொல்லலாம். பொய்யாகவாவது சொல்லலாம், அவள் சாப்பிடுவாள். பலமுறை ரிசீவரை எடுத்தேன். நம்பர் மனப்பாடம்.

இருட்டிவிட்டது. இன்னும் கூப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாளா என்று தெரியவில்லை.